அச்சு அசலாய் இரண்டு அறைகள்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தொழிலில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெயின்டர், கார்பென்டர், எலக்ட்ரீஷியன் எல்லாருக்கும் அவள் ‘ரசமட்டம்’. கொத்தனார்கள் தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வைத்திருப்பார்களே, நடுவில் குமிழி ஓடும் சின்னக் கட்டை, அதுதான் ரசமட்டம். மற்றப் பெண்கள் கைப்பையில் சீப்பு வைக்கிற இடத்தில் அவள் அதை வைத்திருந்தாள். ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில், சாய்ந்து தொங்கிய படத்தை நேராக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் உட்கார்ந்து அழுதாள் என்று அவளைப் பற்றி ஒரு கதை உண்டு. கதை என்ன கதை, நடந்ததுதான்.

வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுப்பது அவள் தொழில். கதவைத் திறந்ததும் வீடு ‘வா, உட்கார்’ என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அது வீடில்லை, குடோன் என்பாள். ஒரு பக்கம் கனத்த அலமாரி நின்றால் எதிர்ப் பக்கம் அதற்கு ஈடாக ஒரு செடியோ விளக்கோ வேண்டும். கண்ணுக்குள்ளும் ஒரு தராசு இருக்கிறது, அது சாய்ந்தால் மனசும் சாயும் என்பது அவள் கட்சி. “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று ஒரு வீட்டுக்காரர் அவளைக் கிண்டல் செய்தபோது, “அவளுக்கு ஆடத் தெரியுமோ தெரியாதோ சார், உங்க கூடம் நெஜமாவே கோணல்” என்று டேப்பை நீட்டிக் காட்டினாள்.

இப்படி ஊரார் வீட்டையெல்லாம் அழகு பார்த்தவளின் வீட்டில் ஒரு கட்டில், ஒரு வரைபட மேசை, ஒரே ஒரு நாற்காலி. “ஒத்த ஆளுக்கு எதுக்கு ரெண்டு நாற்காலி? எதிர்ல என் நிழலா வந்து உக்காரப் போகுது?” என்பாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அதைப் பற்றி அவளுக்குக் குறையும் இல்லை, அதைப் பற்றிப் பேச நமக்கும் நேரமில்லை. உறவு என்று அவளுக்கு இருந்தது தம்பி, தம்பி மனைவி, அவர்கள் பெற்ற மகள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வைத்த பெயர் வாயாடி. தூக்கத்தில்கூட அவள் வாய் ஓயாது. நடுவில் விழித்தால் தண்ணீர் கேட்டு, கனவைச் சொல்லி, இரண்டு பேரையும் எழுப்பி உட்கார வைத்துவிட்டுத்தான் மறுபடி தூங்குவாள்.

அந்த வீட்டை அணுஅணுவாக அமைத்துக் கொடுத்ததே ரசமட்டம்தான். தம்பி கல்யாணத்துக்கு அவள் செய்த சீர் அது. வெயில் எந்த ஜன்னல் வழியாக எந்த நாற்காலியில் விழ வேண்டும் என்பதுவரை யோசித்துச் செய்தாள். அவ்வளவு பொருத்தமாய் அமைந்த வீட்டில் இருந்த இரண்டு பேர் பொருந்தாமல் போனார்கள். யார் மேல் தப்பு என்று கேட்டால் சொல்ல முடியாது. குடி இல்லை, அடி இல்லை, மூன்றாவது ஆள் இல்லை. அவன் பேச உட்காரும்போது அவளுக்குத் தூக்கம் வரும். அவள் பேச வரும்போது அவன் போனுக்குள் முகத்தைப் புதைத்திருப்பான். பிறகு பேசினாலே சண்டை என்று ஆயிற்று. ஆளாளுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

“அக்கா, நாங்க பிரிஞ்சிடறதுன்னு முடிவு பண்ணிட்டோம்” என்றான் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ரசமட்டம் முதலில் பார்த்தது அவர்கள் உட்கார்ந்திருந்த சோஃபாவை. மூன்று பேர் உட்காரும் சோஃபா, அவள் தேர்ந்தெடுத்தது. அவன் ஒரு கோடியில், அவள் ஒரு கோடியில். நடுவில் வாயாடி உட்காரும் இடம் காலியாக இருந்தது. வாயாடி பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள், அல்லது அனுப்பப்பட்டிருந்தாள்.

“கல்யாணம்னா என்னடா, வாடகை வீடா? பிடிக்கலன்னா சாவியக் குடுத்துட்டுக் கெளம்ப?”

“எல்லாம் யோசிச்சாச்சு அண்ணி” என்றாள் தம்பி மனைவி. அழுது முடித்த முகம். “அடிச்சுக்கிட்டு ஒண்ணா இருக்கறதவிட, நிம்மதியா தனித்தனியா இருக்கலாம். இவர் மேல எனக்குக் கோவம்கூட இல்ல இப்ப.”

கோபம்கூட இல்லை என்றதும்தான் ரசமட்டத்துக்கு நிலைமை புரிந்தது. கோபம் இருந்தால் ஒட்ட வைக்கலாம். உதிர்ந்த சுண்ணாம்பை எதைக் கொண்டு ஒட்டுவது? கெஞ்சினாள், திட்டினாள், செத்துப்போன அப்பா அம்மாவையெல்லாம் சாட்சிக்குக் கூப்பிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. இந்த வீட்டை விற்பது, ஆளுக்கொரு பிளாட் எடுத்துக்கொள்வது, வாயாடி வாரத்தில் பாதி அங்கே பாதி இங்கே என்று எல்லாம் முன்பே பேசி முடித்திருந்தார்கள்.

“சரி” என்றாள் ரசமட்டம் கடைசியில். “உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு. கொழந்தை ரூம் ரெண்டையும் எங்கிட்ட விட்டுடணும். அதுல நீங்க ரெண்டு பேரும் மூக்க நுழைக்கக் கூடாது.”

அவளுக்கு அப்போதே வழி தெரிந்துவிட்டது. வாயாடிக்கு எதுவும் மாறக் கூடாது. இந்த வீட்டில் அவள் தூங்குகிற அறை அப்படியே அம்மா வீட்டிலும் இருக்கும், அப்படியே அப்பா வீட்டிலும் இருக்கும். கண்ணை மூடினால் எந்த அறையோ, திறந்தால் அதே அறை. பெரியவர்கள் உடைத்துக்கொள்ளட்டும், குழந்தைக்கு உடைந்த சத்தமே கேட்கக் கூடாது. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு மருமகள். அந்தப் பிள்ளை உடைந்து போகாமல் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வித்தை இது ஒன்றுதான்.

யாரிடமும் சொல்லாத இன்னொரு ஆசையும் உள்ளுக்குள் இருந்தது. தினமும் அந்தப் பழைய அறையைப் பார்த்துப் பார்த்து, என்றாவது ஒருநாள் இந்த இரண்டு பேருக்கும் புத்தி வராதா என்று.

பழைய அறையை அவள் அளந்த அளவு, ஒரு தையல்காரர் மணப்பெண்ணைக்கூட அளந்திருக்க மாட்டார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் எத்தனை விரல் இடைவெளி, அலமாரிக் கதவு எவ்வளவு திறந்தால் ‘கிர்’ என்று சத்தம் போடும், எல்லாம். சுவரின் மங்கிய பச்சைக்குப் புது டப்பா ஒத்துவரவில்லை. வருஷக்கணக்கில் வெயில் தின்ற நிறமாயிற்றே. பெயின்டரை உட்கார வைத்துக் கலக்கிக் கலக்கிப் பார்த்தாள்.

“ஏன் மேடம், புதுசாவே அடிச்சா என்ன? பளிச்சுன்னு இருக்குமே” என்றார் பெயின்டர்.

“பளிச்சுன்னு வேணாம்ணே. பழசா வேணும்.”

“புதுசு அடிக்கக் காசு வாங்கியிருக்கேன். பழசு அடிக்க இதான் மொத தடவ” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்பா எடுத்த பிளாட்டில் ஜன்னல் தப்பான சுவரில் இருந்தது. அதை அலமாரியால் மறைத்து, சரியான சுவரில் திரையும் பின்னால் விளக்கும் வைத்து ஒரு பொய் ஜன்னல் செய்தாள். அம்மா எடுத்த பிளாட்டில் அறை பெரியது. நடுவில் பலகைத் தடுப்பு வைத்து அதைச் சின்னதாக்கினாள். காசு கொடுத்து அறையைக் குறுக்கிக்கொண்ட குடும்பம் அது ஒன்றாகத்தான் இருக்கும். ஒரே கார்பென்டர், ஒரே மரம், ஒரே அச்சில் இரண்டு கட்டில். ஒரே மாதிரி முனகும் இரண்டு ஃபேன். ‘ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சொல்வாங்க, உனக்கு ரெண்டு ஆர்டர்’ என்று ஒரு சிநேகிதி விளையாட்டாய்ச் சொல்லிவிட்டாள். அவளோடு ரசமட்டம் வெகுநாள் பேசவில்லை.

பாக்கி இருந்தது முயல். வாயாடி கட்டிப்பிடித்துத் தூங்கும் துணிமுயல். ஒரு காது கிழிந்து பழுப்பு நூலால் தைத்தது, வயிறு நசுங்கியது. தினம் அதைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது, எங்கே படுத்தாலும் முயல் அங்கே இருக்க வேண்டும் என்று ரசமட்டம் அதே முயலைத் தேடி இன்னொன்று வாங்கினாள். வாங்கியதைத் துவைத்துத் துவைத்து, வெயிலில் போட்டு வெளுக்கவைத்து, வயிற்றில் உட்கார்ந்து நசுக்கி, அதே காதைக் கிழித்து அதே பழுப்பு நூலால் தைத்தாள். பாவம் அது, பிறந்த வாரமே கிழடு தட்டிவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கே எது எது என்று தெரியவில்லை. அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

வாயாடியை முதலில் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனாள், மறுநாள் அப்பா வீட்டுக்கு. இரண்டு இடத்திலும் அந்தப் பெண் வாசலிலேயே நின்று அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டிலைத் தொட்டாள். அலமாரிக் கதவைத் திறந்தாள்; அது ‘கிர்’ என்றது. முயலை எடுத்து முகர்ந்தாள்.

“எப்படிடி இருக்கு?”

“நல்லா இருக்கு அத்தை.”

அவ்வளவுதான் சொன்னாள். வாய் ஓயாதவள் மூன்று வார்த்தையோடு நிறுத்திக்கொண்டதை அத்தைக்காரி கவனித்திருக்க வேண்டும். அவள் அப்போது தரை மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாள் போகப் போக எல்லாரும் ரசமட்டத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். “அக்கா, ஒரு நாள்கூட அழல. நீ பண்ணது மாயம்” என்றான் தம்பி. “முன்ன மாதிரி நடுவுல எழுந்து எழுப்பறதே இல்ல அண்ணி. ஒரே தூக்கம். பொறுப்பு வந்துடுச்சு” என்றாள் தம்பி மனைவி. பள்ளிக்கூடத்தில்கூட டீச்சர், இப்போதெல்லாம் வகுப்பில் பேசுவதே இல்லை, நல்ல பிள்ளை என்று சொன்னாராம். வாயாடி வாயை மூடியதற்கு ஊரே கைதட்டியது. ரசமட்டமும் சேர்ந்து தட்டினாள், அதுதான் கொடுமை.

செய்து கொடுத்த வேலையைச் சில மாதம் கழித்துப் போய்ப் பார்ப்பது அவள் வழக்கம். அப்படி ஒருநாள், வாயாடி பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், அம்மா வீட்டு அறையைப் பார்க்கப் போனாள். தலையணையைத் தூக்கி உதறியபோது கட்டிலை ஒட்டிய சுவரில் ஒரு கோடு தெரிந்தது. விரல் நீளம், பெயின்ட் பெயர்ந்து உள்ளே வெள்ளை தெரிகிற அளவு ஆழம். அப்பா வீட்டுக்கு ஓடினாள். அங்கேயும் அதே இடத்தில், தலையணைக்குப் பின்னால். அங்கே இரண்டு கோடு.

வேறு யாராக இருந்தாலும், சுவரில் குழந்தை கிறுக்கியிருக்கிறது என்று விட்டிருப்பார்கள். அவள் ரசமட்டம். இரண்டு அறையிலும் ஒரே இடத்தில் கீறல் என்றதும் அவள் புத்தி நேராகக் கட்டிலுக்குப் போயிற்று. ஒரே கார்பென்டர் செய்த ஒரே மாதிரிக் கட்டில், அப்படியானால் தப்பும் ஒரே மாதிரிதானே இருக்கும்? தலைப்பக்கத்தில் ஆணி ஏதோ துருத்திக்கொண்டு சுவரை உரசுகிறது என்று முடிவு கட்டினாள். கார்பென்டரை போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் வந்து கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, “ஆணியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல மேடம்” என்றார். அவள் நம்பவில்லை.

பெயின்டர் வந்தார். “இந்தக் கோட்டுக்கா இவ்வளவு தூரம் வரச் சொன்னீங்க? யார் பாக்கப் போறா?”

“நான் பாத்துட்டேனே.”

இரண்டு வீட்டிலும் கோட்டின் பள்ளத்தில் பட்டி பூசி அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே அந்த மங்கல் பச்சையை அடித்தார். ரசமட்டம் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். கோடு இருந்த இடம் அவளுக்கே தட்டுப்படவில்லை. வழவழவென்று இருந்தது.

அந்த வாரமே ஒருநாள் காலையில் தம்பி மனைவி போன் செய்தாள். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. ரசமட்டம் பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு ஆட்டோ பிடித்து ஓடினாள்.

வாயாடிக்கு அனல் பறக்கும் காய்ச்சல். டாக்டர் பார்த்து, மருந்து கொடுத்து, பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் காலையில் அம்மா போய்ப் பார்த்தபோது பிள்ளை வாந்தியிலேயே கிடந்திருக்கிறாள். தலைமுடியெல்லாம் காய்ந்து ஒட்டியிருந்தது. படுக்கை நனைந்திருந்தது. கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தாளாம், எவ்வளவு நேரமாகவோ.

“பக்கத்து ரூம்லதான் அண்ணி படுத்திருந்தேன். கதவக்கூட மூடல. ஒரு சத்தம் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பேனே! ஏன் கூப்பிடலன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கறா” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தம்பியும் வந்துவிட்டான். வந்தவன் குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேராக மனைவி மேல் பாய்ந்தான். “அவ கூப்பிட்டிருப்பா. நீ தூங்கியிருப்ப.”

“என்னைப் பாத்தா அப்படியா தெரியுது? உங்களை மாதிரி இடி விழுந்தாலும் தூங்கறவன்னு நெனச்சீங்களா?”

“ரெண்டு பேரும் சமையக்கட்டுக்குப் போய் அடிச்சுக்கோங்க. போங்க!” என்று விரட்டிவிட்டு ரசமட்டம் கட்டிலில் உட்கார்ந்தாள். வாயாடியின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிள்ளையின் வலது கை தலையணைக்குப் பின்னால் போயிற்று. சுவரைத் தடவியது. மேலே, கீழே, மறுபடி மேலே. எதையோ தொலைத்தவள் போலத் தேடியது.

“என்னடி கண்ணு தேடற?”

“இங்க ஒரு கோடு இருந்துச்சு அத்தை. காணோம்.”

“அது... அத்தைதான் பெயின்ட் அடிச்சேன். எதுக்குடி அந்தக் கோடு?”

“நான்தான் கீறினேன். க்ளிப்பால.” திட்டு விழுமோ என்று வாயாடி அவள் முகத்தைப் பார்த்தாள். விழாது என்று தெரிந்ததும் சொன்னாள். “ஒரு கோடுன்னா அம்மா வீடு. ரெண்டு கோடுன்னா அப்பா வீடு.”

“அது உனக்குத் தெரியாதாடா? எந்த வீட்ல இருக்கோம்னு?”

“பகல்ல தெரியும். தூங்கி முழிச்சா தெரியாது. எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு.”

அப்புறம் அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். முதல் வாரத்தில் ஒருதரம் தூக்கத்தில் விழித்து “அப்பா”ன்னு கூப்பிட்டாளாம். ஆனால் அது அம்மா வீடு. அம்மா வந்து தண்ணீர் கொடுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய் அழுதாளாம். இன்னொருதரம் அப்பா வீட்டில் “அம்மா”ன்னு கூப்பிட்டுவிட்டாள். அப்பா வந்து அறை வாசல்படியில் உட்கார்ந்தவர் எழுந்து போகவே இல்லையாம்.

“அதுக்கப்புறம்தான் கோடு போட்டேன். மொதல்ல தொட்டுப் பாத்துப்பேன். அப்புறம் கூப்பிடலாம்னு. ஆனா தொட்டுப் பாத்தா போதும், கூப்பிடணும்னே தோணாது. நேத்து தொட்டா ஒண்ணுமே இல்ல. யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல அத்தை. யாராவது இருமுவாங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். யாரும் இருமல.”

ரசமட்டம் அந்த வழவழப்பான சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று சொல்வார்கள். இது குரங்காய்க்கூட முடியவில்லை. பிள்ளை இருட்டில் பிடித்து நடந்த ஒரே கயிற்றையும் தேய்த்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்து, கையால் தடவி வேறு பார்த்துவிட்டுப் போயிருந்தாள்.

“ஏன்டி கண்ணு, ரூம் வேற மாதிரி வேணும்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“நீ அவ்வளவு கஷ்டப்பட்டு செஞ்சியே.” வாயாடி கண்ணை மூடிக்கொண்டாள். “கோடு தொடறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நல்லா இருக்கும் அத்தை. கண்ணு முழிச்சதும் இது நம்ம பழைய வீடுன்னு நெனச்சுப்பேன். அங்க யாரைக் கூப்பிட்டாலும் ரெண்டு பேரும் வருவாங்க இல்ல? அப்புறம் கையை வச்சுப் பாப்பேன்.”

ரசமட்டம் அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். உடைந்த சத்தம் குழந்தைக்குக் கேட்கக் கூடாது என்றுதானே எல்லாம் செய்தாள்? ஒரு தடவை கேட்டு ஓய்ந்திருக்க வேண்டிய சத்தம். அவள் செய்த அறை அதை ஒவ்வொரு விழிப்பிலும் அந்தப் பிள்ளைக்குக் கேட்க வைத்திருக்கிறது. பழைய வீட்டைத் தினம் தினம் திருப்பிக் கொடுத்து, தினம் தினம் பிடுங்கியிருக்கிறது.

சமையலறையில் சண்டைச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது தம்பியும் அவன் மனைவியும் அறை வாசலில் நின்றிருந்தார்கள். கேட்டுவிட்டார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. இரண்டு பேரும் அழுதார்கள். ஆனால் அவன் ஒரு பக்கக் கதவு நிலையில் சாய்ந்து அழுதான், அவள் எதிர்ப் பக்க நிலையில் சாய்ந்து அழுதாள். நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடம் இருந்தது. அவன் கை ஒருதரம் அவள் தோள் பக்கம் போயிற்று. போய், பாதியில் நின்று, திரும்பித் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அதைப் பார்த்ததும், தான் உள்ளுக்குள் மூடி வைத்திருந்த ஆசை முடிந்தது என்று ரசமட்டத்துக்குத் தெரிந்துவிட்டது. இவர்கள் இனி சேர மாட்டார்கள். எத்தனை அறை செய்தாலும் சேர மாட்டார்கள்.

வாயாடிக்குக் காய்ச்சல் விட்டதும் மறுபடி பெயின்டர் வந்தார். இந்த முறை உத்தரவு போட்டது வாயாடி. அம்மா வீட்டில் பலகைத் தடுப்பைக் கழற்றச் சொன்னாள், சுவருக்குப் பப்பாளிப் பழ நிறம். அப்பா வீட்டில் பொய் ஜன்னலைப் பிடுங்கச் சொன்னாள், அங்கே நாலு சுவரும் அடர் நீலம்.

“ரூம் சின்னதாத் தெரியும்டி” என்றாள் ரசமட்டம், வாய் சும்மா இராமல்.

“தெரியட்டும்.”

கட்டில் ஒரு வீட்டில் மூலைக்குப் போயிற்று, ஒரு வீட்டில் நட்டநடுவில் நின்றது. அலமாரிக் கதவின் ‘கிர்’ருக்கு இரண்டு இடத்திலும் எண்ணெய் விட்டார்கள். எந்தத் தராசில் வைத்தாலும் சாய்ந்துபோகிற இரண்டு அறைகள். தொழிலில் இப்படி ஒரு வேலையை அவள் செய்ததே இல்லை. கைப்பையிலிருந்த ரசமட்டத்தை அவள் வெளியே எடுக்கவில்லை. பழைய பச்சையின் மேல் நீலம் ஏறியபோது, பார்க்க முடியாமல் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். பழைய வீடு அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையாகப் போயிற்று. வாயாடிக்கு அது போய் எத்தனையோ நாளாகிவிட்டது.

அதற்கப்புறம் வாயாடி அவ்வப்போது விழித்துக் கூப்பிடுகிறாளாம். சரியான ஆளைத்தான் கூப்பிடுகிறாளாம். தம்பி இதை போனில் சொன்னபோது சந்தோஷப்பட வேண்டுமா என்று ரசமட்டத்துக்குத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வாயாடி அத்தை வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடப் பையைத் திறந்து ஒரு முயலை வெளியே எடுத்தாள். பைக்குள் இன்னொரு முயலின் காது தெரிந்தது.

“ரெண்டையுமா தூக்கிட்டு அலையற?”

“இல்ல. நெஜ முயலைத்தான் தினம் எடுத்துட்டுப் போவேன். அங்கயும் இங்கயும். இது நீ செஞ்சது.”

“தெரியுமா உனக்கு?”

“அன்னிக்கே தெரியும். வாசனை வேற.”

வாயாடி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். இருந்த ஒரே நாற்காலியில் அந்த முயலை உட்கார வைத்து, சாயாமல் முதுகுக்கு ஒரு துண்டை மடித்துக் கொடுத்தாள்.

“இது இனிமே உன்கூட இருக்கட்டும் அத்தை.”

“ஏன்டி, உன்னைத் தேடாதா அது?” என்றாள் ரசமட்டம், விளையாட்டாகக் கேட்பது போல.

வாயாடி யோசித்தாள். யோசித்துவிட்டு, முயலின் காதை நீவிக்கொண்டே சொன்னாள்.

“தேடாது. அது பழைய வீட்டைப் பாத்ததே இல்லயே. எங்க வச்சாலும் இருந்துக்கும்.”